பாம்பு கடித்துவிட்டால் முதல் ஒரு மணி நேரம்

கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் காஷுவாலிட்டியில் இரண்டு கேள்வி கேட்போம். எத்தனை மணிக்குக் கடித்தது? இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் வயசான ஒருத்தர் மெதுவாக வாய் திறப்பார்: "பக்கத்து ஊர்ல ஒருத்தர் பார்வை பாக்குறாருன்னு சொன்னாங்கம்மா. அங்க போயிட்டு வர்றோம்."

31 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். முதல் 7 வருடம் தருமபுரிப் பக்கம், பிறகு ஓய்வு பெறும்வரை திருவாரூர் மாவட்டம். அங்கே கல்லுக்காடு, சுருட்டை விரியன். இங்கே நெல்வயல், கண்ணாடி விரியன். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் இரண்டு பக்கமும் உண்டு. இத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்றுதான்: பாம்புக்கடிக்கு ஊரில் வைத்துச் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைச் சரியாகச் செய்து ஆளைச் சீக்கிரம் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ஆளோடு வீடு திரும்பினார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். வயலில் இறங்குகிறவர்கள், தரையில் படுக்கிறவர்கள், செருப்பில்லாமல் கொல்லைக்குப் போகிறவர்கள். பெரும்பாலோர் உயிர் போனது ஆஸ்பத்திரிக்கு வெளியே. அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரைக்கான விஷயத்தை விரிவாக எழுதுகிறேன்.

கடித்த அந்த நிமிடம்

முதலில் பாம்பிடமிருந்து விலகி வாருங்கள். அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போனவரையும் அதே பாம்பு கடித்து, ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு தம்பி பாம்பைச் சாக்கில் உயிரோடு கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். இன்னொரு வீட்டில் தலையை வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வெட்டிய தலையும் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும். அதிலும் விஷம் இறங்கும்.

பாம்பைக் கொண்டுவந்தால்தான் மருந்து தருவார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தேவையே இல்லை. நம் ஊரில் உயிரை எடுக்கிற நான்கு பாம்புகளுக்கும், அதாவது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் உடம்பு காட்டும் அறிகுறியை வைத்து டாக்டர் முடிவு செய்வார். தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், உதவும். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பாம்பைத் தேடிக் கொல்லையைக் கிளறுகிற அரை மணி நேரம் கடிபட்டவருடைய அரை மணி நேரம்.

அவரை நடக்க விடாதீர்கள். "நான் நல்லாத்தான் இருக்கேன், நானே வர்றேன்" என்பார். விடக்கூடாது. தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். படுக்க வையுங்கள், இல்லையென்றால் உட்கார வையுங்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் எப்படி அசையாமல் வைப்போமோ அப்படி வைக்க வேண்டும். தென்னை மட்டை, பலகைத் துண்டு, மடித்த அட்டைப்பெட்டி, எது கிடைத்தாலும் பக்கத்தில் வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்கு அடியில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இது அசையாமல் இருப்பதற்கான கட்டு. விஷத்தைத் தடுப்பதற்கான கட்டு இல்லை.

அடுத்து, கழற்ற வேண்டியவற்றைக் கழற்றுங்கள். மெட்டி, மோதிரம், கொலுசு, வளையல், வாட்ச், காலில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாம். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் வீக்கம் மளமளவென்று ஏறும். (இனி வெறுமனே விரியன் என்று சொன்னால் இந்த இரண்டும்தான், கட்டுவிரியன் இதில் சேராது.) ஒரு மணி நேரத்தில் விரல் வாழைக்காய் மாதிரி ஆகிவிடும், மெட்டி சதைக்குள் புதைந்துவிடும். தாலியோடு சேர்ந்தது, மெட்டியைக் கழற்றக் கூடாது என்று மாமியார் தடுத்த ஒரு பெண்ணுக்கு, பிளையர் வைத்து நாங்கள் நறுக்கி எடுக்கும்போது விரல் கறுத்திருந்தது.

கடித்த நேரத்தை ஒரு பேனாவால் அவர் உள்ளங்கையிலேயே எழுதுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று தோலின்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் குறியுங்கள். அரை மணி கழித்து இன்னொரு கோடு. இப்படி நாலு கோட்டோடு வந்த ஒரு கல்லூரிப் பிள்ளையின் அப்பாவைப் பார்த்ததும் எங்கள் டியூட்டி டாக்டர், "பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க" என்று சொன்னார்.

தைரியம் சொல்லுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. பயத்தில் இதயம் படபடவென்று அடித்தால் ரத்த ஓட்டம் கூடும். சுற்றி நின்று ஒப்பாரி வைத்தால் அவருக்குப் பயம் வராமல் என்ன செய்யும்? கடிக்கிற பாம்புகளில் விஷமில்லாதவையே அதிகம். விஷப்பாம்பே கடித்தாலும் சில தடவை விஷத்தை இறக்காமல் விட்டுவிடும். அது எந்தக் கடி என்று வீட்டில் வைத்து முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான். "மருந்து இருக்கு, போய்க்கிட்டே இருக்கோம்" என்று ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே வந்தால் போதும்.

கயிறு கட்டாதீர்கள்

இதை எழுதும்போது என் அப்பா நினைவு வருகிறது. நான் ஒன்பதாவது படிக்கும்போது, தை மாத அறுவடையில், வரப்போரம் கதிர்க்கட்டைத் தூக்கியபோது கண்ணாடி விரியன் அப்பாவின் கணுக்காலுக்கு மேல் கடித்தது. கூட இருந்தவர்கள் சித்தப்பாவும் பெரியப்பா மகன்களும். அப்பாமேல் உயிரையே வைத்திருந்தவர்கள். வைக்கோல் பிரியை முறுக்கி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்கள். சரியாகத்தான் செய்கிறோம் என்று நம்பிக் கட்டினார்கள். அதற்கு மேல் இன்னொரு கட்டு, தொடையில். மாட்டுவண்டி, பிறகு பஸ், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர 5 மணி நேரம். உயிர் பிழைத்தார். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பின்னாளில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது. விரியன் விஷம் சதையை அரிக்கும், ரத்தம் உறைகிற தன்மையைக் கெடுக்கும். அதை ஒரே இடத்தில் கட்டி நிறுத்தி, ரத்த ஓட்டத்தையும் அடைத்தால் அந்த இடம் வெந்ததுபோல் ஆகிவிடும். விஷத்தைக் கட்டு முழுமையாகத் தடுப்பதும் இல்லை. நல்ல பாம்புக் கடியிலும் சதை அழுகும், அதிலும் இதே கதைதான். அந்தக் கட்டை யாரும் வெறுப்பில் கட்டவில்லை. தெரியாமல் கட்டினார்கள். அதனால்தான் தெரிந்த நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்றால், பாதி வழியில் பதறி வெட்டி எறியாதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறி மூச்சு நிற்கலாம், ரத்த அழுத்தம் படுத்துவிடலாம். அப்படியே வேகமாகக் கொண்டுவந்து, "கட்டுப் போட்டிருக்கு, இத்தனை மணிக்குப் போட்டது" என்று உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். மருந்தெல்லாம் கைக்கருகில் வைத்துக்கொண்டு டாக்டர் முன்னிலையில் அவிழ்ப்பார்கள்.

பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, சூடு வைப்பது, கடிவாயைத் தேய்த்துக் கழுவுவது, மஞ்சளோ சுண்ணாம்போ பூசுவது, இவை எதுவும் வேண்டாம். விரியன் கடித்த உடம்பில் கீறினால் ரத்தம் நிற்காது. கீறின காயத்திலேயே செத்தவர்கள் உண்டு.

மிளகும் வேப்பிலையும்

எங்கள் பக்கம் கடிபட்டவர் வாயில் மிளகைப் போட்டு "காரம் தெரியுதா?" என்று கேட்பார்கள். வேப்பிலையைக் கொடுத்துக் "கசக்குதா?" என்பார்கள். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தமாம். கட்டுவிரியன் கடித்து இரண்டு மணி நேரம் ஆனவருக்கும் மிளகு காரமாகத்தான் இருக்கும், வேப்பிலை கசக்கத்தான் செய்யும். "காரம் தெரியுதுன்னு சொன்னாருங்க, அதனாலதான் காலையில போலாம்னு இருந்துட்டோம்" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் கணவர் விடியும்போது போய்விட்டார்.

சிரியாநங்கை அரைத்துக் கொடுப்பது, பாம்புக்கல் வைப்பது, மந்திரிப்பது என்று இன்னும் எத்தனையோ. விஷக்கடி பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களிடம் போகிற பத்துப் பேரில் பலருக்கு விஷமில்லாத சாரையோ தண்ணீர்ப்பாம்போ கடித்திருக்கும். கடிபட்டவர் பிழைப்பார், பேர் வைத்தியருக்குப் போகும். அப்படித்தான் நம்பிக்கை வளர்ந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். ஒருநாள் அவர் பேரனுக்கே கடித்தபோது, பார்வை எதுவும் பார்க்காமல் நேரே எங்களிடம் தூக்கி வந்தார். அதன்பிறகு அவரிடம் யார் போனாலும் நெற்றியில் விபூதி பூசி, "வண்டியில ஏறு, பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்புவார். அவர் அனுப்பியே பலர் பிழைத்தார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைத் திட்டாதீர்கள், பேசுங்கள். சாமிக்கு வேண்டிக்கொள்ள வேண்டுமா? வண்டியில் போய்க்கொண்டே மஞ்சள் துணியில் காசு முடியுங்கள்.

கட்டுவிரியன்: கடித்ததே தெரியாது

நான் அதிகம் பயப்படுவது இந்தப் பாம்புக்குத்தான். கறுநீல உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். பகலில் மந்தமாகச் சுருண்டு கிடக்கும், ராத்திரியில் எலி, பல்லி, சின்னப் பாம்பு என்று இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடிக்கும். கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது. வீக்கம் இருக்காது. பல் பட்ட இடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது.

விடியற்காலை 4 மணிக்கு ஒரு பையனுக்கு வயிற்று வலி. 11 வயசு. அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள், பிறகு சோடா வாங்கிக் கொடுத்தாள். தொண்டை வலிக்குது என்றான். ஐந்தரைக்கு, "அம்மா, நீ ரெண்டு ரெண்டாத் தெரியற" என்றான். ஏழு மணிக்கு எங்களிடம் வந்தபோது இமை இரண்டும் பாதிக்கு இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தார்கள். டாக்டர் அவனிடம் "நாக்கை நீட்டு" என்றார். பல்லைத் தாண்டி நாக்கு வரவில்லை. கழுத்தைத் தூக்கச் சொன்னார், தூக்க முடியவில்லை. கடி எங்கே என்று தேடினோம், கிடைக்கவில்லை. கடி கிடைக்காவிட்டாலும் கட்டுவிரியன்தான் என்று மருந்தை ஆரம்பித்துவிட்டார்.

எட்டரைக்கு மூச்சு திணறியது. குழாய் போட்டு, மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக் என்ற பையைக் கையால் அழுத்திக்கொண்டே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 108 வண்டியில் நானும் போனேன். ஒன்றரை மணி நேரம், கை மாற்றிக் கை மாற்றி. பையன் கல்லு மாதிரிக் கிடந்தான். கண்மணியில் டார்ச் அடித்தால்கூட அசைவில்லை. அவன் அம்மா, போய்விட்டானா என்று என்னைக் கேட்கவும் பயந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவன் காதோரம் "தம்பி, மூச்சை நான் போடுறேன், நீ பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். 5 நாள் வென்டிலேட்டரில் இருந்தான். எழுந்த பிறகு பார்க்கப் போனபோது, "நீங்க பேசினது கேட்டுச்சு அக்கா. பதில் சொல்ல முடியல" என்றான்.

இதை நீளமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கட்டுவிரியன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகிற உத்தரவை அறுத்துவிடும். அறிவு தெளிவாக இருக்கும், காது கேட்கும், உடம்பு மட்டும் அசையாது. பார்த்தால் செத்தவர் போலவே இருக்கும். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் ஓடுகிற விஷத்தைப் பிடிக்கும். நரம்பு நுனியில் ஏற்கெனவே பட்டுவிட்டதை அதனால் சரிசெய்ய முடியாது. நரம்பு தானாகத்தான் தேற வேண்டும், நாட்கள் ஆகும். அதுவரை மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆள் திரும்பி வருவார். ஆகவே வழியில் மூச்சு நின்றால் போய்விட்டார் என்று வண்டியைத் திருப்பாதீர்கள். மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே வாருங்கள்.

தரையில் படுத்து எழுந்தவருக்கு விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டை வலி, வாந்தி, இமை இறங்குதல், இரட்டையாகத் தெரிதல், எச்சில் விழுங்க முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் பாம்பை நினையுங்கள். எச்சில் விழுங்கச் சிரமப்படுகிறவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுப்பவரை, மயங்குகிறவரை மல்லாக்கப் போடாமல் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி, எப்படிப் போவது

108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வர அரை மணிக்கு மேலாகும் என்றால் காத்திருக்காதீர்கள். கார், ஆட்டோ, டாட்டா ஏஸ் எது இருந்தாலும் கிளம்புங்கள். மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது என்றால் கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவரை ஓட்ட விடாதீர்கள்.

விஷமுறிவு மருந்தும் டாக்டரும் இருக்கிற மிக அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இந்த மருந்து இலவசம். முதல் டோஸ் மருந்தை அருகிலேயே போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது, எதுவும் போடாமல் 80 கிலோமீட்டர் போவதைவிட நல்லது. பக்கத்தில் இருக்கிறதே என்று சின்ன கிளினிக்கில் நிறுத்தி டிடி ஊசி (டெட்டனஸ் வராமல் தடுக்கிற ஊசி) மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் ராத்திரி எங்களிடம் வந்ததை எண்ண முடியாது. விஷத்துக்கு மருந்து டிடி ஊசி இல்லை. விரியன் கடித்த உடம்பில் இடுப்பில் ஊசி குத்தினால் அங்கேயும் ரத்தம் கட்டிக்கொள்ளும். வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக், புரூஃபன், ஆஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நடப்பது

உள்ளே வந்ததும் சொல்ல வேண்டியது: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது கடித்தது, அதன்பிறகு என்னென்ன மாறியது. நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள், யாரும் திட்ட மாட்டார்கள். ஆஸ்துமா இருந்தால், முன்பு ஒரு தடவை பாம்பு கடித்து இந்த மருந்து போட்டிருந்தால், மாசமாக இருந்தால் சொல்லுங்கள். மாசமாக இருக்கிறவர்களுக்கும் இந்த மருந்தைத் தருவோம்.

ஒரு சின்ன சோதனை செய்வோம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைப்போம். பிறகு ஒரு தடவை சாய்ப்போம். உறைந்திருந்தால் சரி. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த 20 நிமிடம் உறவினர்களுக்கு யுகமாகத் தெரியும். "சும்மா குழாயை வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று சண்டைக்கு வருவார்கள். இந்தக் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவினால்கூடச் சோதனை தப்பாகிவிடும். பிளாஸ்டிக் குழாயும் ஆகாது. புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். முதல் தடவை உறைந்தாலும் திரும்பத் திரும்பப் பார்ப்போம், ஏனென்றால் விஷம் மெதுவாகவும் ஏறும். 24 மணி நேரம் இருக்கச் சொன்னால் இருங்கள். "ஒண்ணும் இல்ல, கையெழுத்துப் போட்டுட்டுப் போறோம்" என்று போனவர்களில் சிலர் மறுபடி வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

விஷம் ஏறியிருக்கும் அறிகுறி இல்லாதவருக்கு விஷமுறிவு மருந்து போட மாட்டோம். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அது குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து, சிலர் உடம்பு அதை ஏற்காது. அறிகுறி தெரிந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல், பெரும்பாலும் 10 குப்பி, ட்ரிப்ஸில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவோம். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு, ஆள் சின்னவரா பெரியவரா என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே. பொடியாக வருகிற குப்பியில் தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். அதனால் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மருந்து ஏறும்போது பக்கத்தில் இருக்கிறவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், இருமல், மூச்சிரைப்பு, எது வந்தாலும் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். ட்ரிப்ஸை நிறுத்தி அட்ரினலின் ஊசி போட்டால் அடங்கும், பிறகு மருந்தைத் தொடர்வோம். அதற்குப் பயந்து மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சிறுநீரை அளந்து வைக்கச் சொல்வோம். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் குறைந்தாலோ, கறுங்காப்பி நிறத்தில் போனாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே சொல்லுங்கள். டயாலிசிஸ் தேவைப்படலாம். டயாலிசிஸ் என்றதும் வாழ்நாள் முழுக்க என்று அழுவார்கள். பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் தேறிவிடுகிறது.

இந்த மருந்தின் பின்னால் இருப்பவர்களையும் சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றபின் பிழைப்பு இழந்த இருளர்கள், அந்த நான்கு பாம்புகளையும் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷம்தான் மருந்தாகிறது. 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நான் கரைத்து ஏற்றிய குப்பிகளில் எத்தனை அவர்கள் கையால் எடுத்த விஷத்தில் உருவானதோ. செய்தி பார்த்த அன்று எழுந்து நின்று கும்பிட்டேன்.

வீடு திரும்பிய பின்

ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அது மருந்தின் பின்விளைவாக இருக்கலாம். மாத்திரையில் சரியாகும், ஆனால் வந்து காட்டுங்கள். புண் இருந்தால் கட்டு மாற்றுவதை விடாதீர்கள். சிறுநீரகப் பரிசோதனைக்குக் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். உப்பு விலக்கு, பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள், உடம்பு தேற வேண்டும்.

பாம்பு வராமல்

ஆகாச கருடன் கிழங்கு, வாசலில் பூண்டுத் தண்ணீர் எல்லாம் மனசுக்கு ஆறுதல். பாம்பு எலியைத் தேடி வருகிறது. நெல் மூட்டை, கோழிக்கூடு, வைக்கோல் போர், விறகுக் குவியல் இவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கட்டில் இல்லாவிட்டாலும் கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். கட்டுவிரியனுக்கு இதைவிட மலிவான காவல் எனக்குத் தெரியாது. ராத்திரி டார்ச் இல்லாமல் வாசல்படி இறங்காதீர்கள். அறுப்பு வயலிலும் கடலைக்காட்டிலும் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டுங்கள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினால் ஊர் சிரிக்கும் என்று கூச்சப்படுகிறார்கள். ஒற்றைக் காலோடு 22 வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அப்பா, தெருவில் போகிற ஆட்களையெல்லாம் நிறுத்தி பூட்ஸ் வாங்கச் சொல்லுவார்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியிருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் அந்த ஊருக்கு மருந்து போய்ச் சேரும். ஆகவே சின்னக் கடிதானே என்று வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, நாளைக் காலையில் செய்யக்கூடிய ஒரு வேலை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: பாம்புக்கடி மருந்து இருப்பில் இருக்கிறதா? ராத்திரியில் டாக்டர் இருப்பாரா? மூச்சுத் திணறினால் வென்டிலேட்டருக்கு எங்கே அனுப்புவீர்கள்? பதிலை ஒரு தாளில் எழுதி, ராத்திரியில் எழுப்பினால் வண்டி எடுக்கக்கூடிய இரண்டு பேரின் நம்பரையும் சேர்த்து, பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நான் டியூட்டியில் இருந்த 31 வருடத்தில் இப்படி முன்கூட்டியே போன் செய்து கேட்டவர்கள் மொத்தம் மூன்றே பேர். மூன்று பேருக்கும் சந்தோஷமாகத்தான் பதில் சொன்னேன்.